அமாவாசைக்கு ராமேசுவரம் வரும் உறவுகளுக்கு

கடல் உயிர்களைக் காப்பது பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் மீனவரைத்தான் கை காட்டுகிறார்கள். இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டை மடி வலை போடாதே, மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் போகாதே, கடல் அட்டையைத் தொடாதே. சட்டம் சொல்வது சரிதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகைக் கட்டிப் போட்டுவிட்டு வருமானமின்றிக் காத்திருப்பதும் அவர்கள்தான். பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்தார்கள். பவளப்பாறை உடையக் கூடாதென்று இரும்புச் சுரண்டியை விட்டுவிட்டு, விரலில் துணி சுற்றிக் கையால் பறிக்கிறார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி அக்காவுக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கு ஓர் அமெரிக்க அமைப்பு தரும் சீகாலஜி விருது கிடைத்தது. நம் மாவட்டத்திலேயே பலருக்கு இது தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

கடலை நம்பியே அடுப்பெரிப்பவர்கள் இவ்வளவு விட்டுக்கொடுக்கும்போது, தீர்த்தமாடவும் சுற்றிப் பார்க்கவும் வருகிறவர்களிடம் கொஞ்சம் கேட்கலாம் அல்லவா?

முதலில் துணி. அக்னி தீர்த்தத்திலும் சேதுக்கரையிலும் தேவிபட்டினத்திலும் உடுத்திக் குளித்த துணியைக் கடலிலேயே விட்டால் தோஷம் கழியும் என்று பலர் நம்புகிறார்கள். தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் அப்படிச் சேரும் வேட்டி சேலைகளை வந்து பார்த்தால் மனசு கேட்காது. இன்றைய துணியில் பாதி பாலியஸ்டர், மக்காது. அலை இழுத்துப் போகிற துணி பவளப்பாறையில் சுற்றிக்கொள்ளும், கடல் புல்லை மூடி வெயில் படாமல் செய்யும். வெயில் இல்லாவிட்டால் புல் செத்துவிடும். ஆவுளியா என்று நம் மீனவர்கள் சொல்லும் கடற்பசுவுக்கு அந்தப் புல்தான் சாப்பாடு. ஒரு நாளைக்கு நாற்பது கிலோ வரை மேயும். ஒரு ஈற்றுக்கு ஒரே கன்றுதான், அதுவும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. அப்படிப்பட்ட உயிரின் மேய்ச்சல் நிலத்தில்தான் நம் துணி போய்க் கிடக்கிறது.

எள்ளும் தண்ணீரும் இறைப்பதில் தர்ப்பணம் நிறைவாகிவிடுகிறது. துணியை விடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது என் உறுதியான எண்ணம். சந்தேகமிருந்தால் உங்கள் புரோகிதரிடமே கேளுங்கள். ஈரத்துணியைப் பிழிந்து எடுத்துப்போக ஒரு பை கொண்டு வாருங்கள், போதும்.

அடுத்தது, இங்கிருந்து எடுத்துப் போவது. அலங்காரத்துக்குப் பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல் குதிரை என்று யாராவது காட்டினால் வாங்காதீர்கள். இரண்டுக்கும் வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. மீறினால் சிறை உண்டு. தண்டனைக்குப் பயந்து என்பதை விட, வாங்க ஆள் இருக்கும்வரை எடுக்கவும் ஆள் இருக்கும் என்பதற்காகவே கேட்கிறேன். கரையில் ஒதுங்கும் வெற்றுச் சிப்பி, சங்கைக்கூடக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு அங்கேயே வைத்துவிடலாம். துறவி நண்டுக்கு அதுதான் வீடு.

தனுஷ்கோடிக்குப் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். அங்குள்ள பூநாரைகளுக்காக 2025-ல் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். பறக்கிற படம் வேண்டுமென்று தண்ணீருக்குள் இறங்கி விரட்டுவது, டிரோன் விடுவது, இதெல்லாம் வேண்டாம். வெகுதூரம் பறந்து வந்து இரை தேடும் பறவையை நாம் எழுப்பி எழுப்பி விட்டால் அது எப்போது தின்னும்? பக்கத்துச் சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. குழந்தைகள் உட்பட ஊரே அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம்மால் ஒரு படத்தை விட முடியாதா?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். இரவில் மணலில் வண்டி ஓட்டாதீர்கள், கடல் பக்கம் விளக்கடிக்காதீர்கள். குஞ்சு பொரிந்ததும் வெளிச்சமான பக்கம்தான் ஓடும். நம் விளக்கைக் கண்டால் கடலை விட்டு ரோட்டுக்கு வந்துவிடும். ஆமை கரை ஒதுங்கிக் கிடந்தால் இழுத்துக் கடலில் தள்ளவும் வேண்டாம். அடிபட்டோ களைத்தோ வந்திருக்கும். கூட்டத்தை விலக்கிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பாலிதீன் பை பற்றி எல்லாருக்கும் தெரியும். ஆமைக்கு அது சொறிமுட்டை (ஜெல்லி மீன்) மாதிரித் தெரிகிறது, விழுங்கிவிடுகிறது.

கடைசியாக ஒன்று. வலையில் சிக்கிய கடற்பசுவை, தன் வலையை அறுத்து விடுவித்த மீனவர்களின் செய்தி அவ்வப்போது வரும். வலை என்பது அவர்களுக்குப் பெரிய முதலீடு. கடல் உயிர்க் கடத்தல் செய்தியைப் பகிர்கிற வேகத்தில் இதையும் பகிருங்கள். இந்தப் பதிவை, ஆடி அமாவாசைக்கு வேன் பிடிக்கும் முன்பு உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள்.