ஒத்த கமாவுக்கு இம்மாம் பேஜாரா

இன்னாபா இது, டேட்டாபேஸ்ல தேடுற குவெரில வேல்யூவை நேரா ஒட்டாத, அந்த எடத்துல ஒரு குறி மட்டும் வெச்சுட்டு வேல்யூவைத் தனியா பேராமீட்டரா குடுன்னு ஊரே சொல்லுது, சரிதான், ராயபுரத்துல டி'குரூஸ்னு ஒரு கஸ்டமர் வந்தாலே பேருக்கு நடுவுல நிக்குற அந்த ஒத்த கொட்டேஷன்ல குவெரி புட்டுக்கும், அதனால ஒட்டக்கூடாது தான். ஆனா குடுக்குற விதம் இருக்கே! பைத்தான்ல எஸ்கியூலைட்டுன்ற டேட்டாபேஸுக்கு அந்தக் குறி கேள்விக்குறி, போஸ்ட்கிரஸ்ன்ற டேட்டாபேஸுக்கு சைகோபிஜி2 லைப்ரரி போட்டா பர்சன்ட் எஸ், நம்பருக்கும் அதே எஸ் தானாம். காசிமேட்டு மீன் கடை பில்லிங்ல 'வஞ்சிரம்'னு ஒரே ஒரு மீனைத் தேட எஸ்கியூலைட்டுக்கு பிராக்கெட்ல போட்டு அனுப்புனா, வேண்டியது 1, குடுத்தது 8ன்னு எரர். பின்னாடி ஒரு கமா இல்லாததால அது டூப்பிளே, அதாவது பிராக்கெட்ல கமா போட்டு அடுக்குற வேல்யூ லிஸ்ட்டே, இல்லையாம், வெறும் ஸ்ட்ரிங்காம், ஒவ்வொரு எழுத்தும் ஒரு பேராமீட்டராம். எழுத்து அஞ்சு தானேய்யா, எட்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாத்தா புள்ளி, கொக்கியெல்லாம் தனித்தனியா எண்ணியிருக்கு, எழுத்துக்கு நம்பர் குடுக்குற யூனிகோடு புண்ணியம்.

சரி, வஞ்சிரம் சங்கரா நெத்திலி மூணையும் ஒரே குவெரில 'இன்' போட்டு தேடலாம்னா எஸ்கியூலைட்ல லிஸ்ட்டை அப்டியே தர முடியாது, மூணு கேள்விக்குறியை நாமளே கோடுல ஜாயின் பண்ணி ஒட்டணும். எதை ஒட்டாதன்னானோ அதையே ஒட்ட வெக்கிறான். டேபிள் பேரு, வரிசைப்படுத்துற 'ஆர்டர் பை'ல வர்ற காலம், அதான் நெடுவரிசை, பேருலாம் பேராமீட்டராவே போவாது, கேட்டா நீயே செக் பண்ணிக்கோங்குறான்.