ஆட்டிசத்துக்குக் காரணம் லைம் நோயா? இல்லைங்க

"ஆட்டிசம் உள்ள குழந்தைங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு லைம் நோய் இருக்கு, மாசக்கணக்கா ஆன்டிபயாடிக் குடுத்தா ரெண்டும் சரியாயிடும்"னு அமெரிக்காவுல பல வருஷமா ஒரு பேச்சு சுத்துது. அது தப்பு.

லைம்ங்கறது உண்ணி கடிச்சு பரவுற பாக்டீரியா தொற்று, பெரும்பாலும் ரெண்டு மூணு வாரம் டாக்ஸிசைக்ளின் மாதிரி மாத்திரை போட்டா போயிடும். ஆட்டிசம் தொற்றே கிடையாது, மூளை வளர்ற விதமே வேற, அவ்ளோதான். 2013ல கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளருங்க ஆட்டிசம் உள்ள 70 குழந்தைங்க, இல்லாத 50 குழந்தைங்க ரத்தத்த எடுத்து பாத்தாங்க, முதல் டெஸ்ட்ல சந்தேகமா வந்த சிலரையும் ரெண்டாவது டெஸ்ட் வச்சு சரிபாத்தப்போ ஒருத்தருக்குக்கூட லைம் உறுதியாகல.

மருந்துதானே, குடுத்துப் பாப்போமேன்னு பெத்தவங்க நினைக்கறது எனக்குப் புரியுது, ஆனா மாசக்கணக்கா நரம்புல ட்யூப் வச்சு ஆன்டிபயாடிக் ஏத்துனா அந்த ட்யூப் வழியாவே கிருமி ரத்தத்துல கலக்கலாம், "நாள்பட்ட லைம்"னு சொல்லி இப்படி சிகிச்சை எடுத்தவங்க செத்தும் போயிருக்காங்கன்னு 2017ல அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு அரசு அமைப்பான சிடிசியே எழுதுச்சு. லைம் மட்டுமில்ல, ஆட்டிசத்துக்குன்னு சொல்ற வேற தப்பான சிகிச்சையும் ஆபத்துதான்: 2005ல அமெரிக்காவோட பென்சில்வேனியாவுல ஆட்டிசம் இருந்த 5 வயசுப் பையனுக்கு, உடம்புல இருக்கற உலோகத்த வெளிய எடுக்கறோம்னு ஈடிடிஏங்கற, உலோகத்தப் பிடிச்சுக்கற மருந்த ஏத்தினாங்க, ரத்தத்துல கால்சியம் இறங்கி இதயம் நின்னு போச்சு. அஞ்சு வயசுங்க.

குழந்தைக்கு நிஜமாவே உண்ணி கடிச்சு, தோல்ல வட்டமா சிவந்து பெருசாயிட்டே போனா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆட்டிசத்துக்கு ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைங்களப் பழக்கற பயிற்சி) இருக்கு, மெதுவாத்தான் பலன் தெரியும்.