லண்டன் விசாவும் இருபது லட்சமும்

(பெருந்துறையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். சுப்பண்ணன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்து நீட்டுகிறார்.)

சுப்பண்ணன்: அம்மிணி, பையனுக்கு லண்டன்ல வேலை. அவன், மருமக, கொழந்தை மூணு பேருக்கும் மூணு வருசத்து விசா. ஏஜென்ட் இருபது லட்சம்ங்கறான். பதினெட்டுன்னு கேட்டுப் பாக்கட்டுமா?

கவிதா: இதென்ன கண்ணபுரம் மாட்டுச் சந்தைங்களா பெரியப்பா? குடுங்க. சீட்டுல மொத வரி, ஸ்கில்ஸ் சார்ஜ், வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்கறதுக்கான கட்டணம், 4,75,200 ரூபாய். இது வேலை குடுக்கற கம்பெனி கட்டறது. தொழிலாளிகிட்ட வசூல் பண்ணவே கூடாதுங்க. (அடிக்கிறாள்.) இந்த ஆளை வேலைக்கு எடுக்கறோம்னு கம்பெனி குடுக்கற ஸ்பான்சர்ஷிப் சர்டிபிகேட் 525 பவுண்டு, 63,000 ரூபாய். 2024 டிசம்பர் 31-லிருந்து இதுவும் கம்பெனி பாடு. (அடிக்கிறாள்.)

சுப்பண்ணன்: அப்படியே எல்லாத்தையும் அடிச்சுரு சாமி!

கவிதா: மத்தது நெசம். விண்ணப்பக் கட்டணம், 2025 ஏப்ரல் ரேட்டு, ஆளுக்கு 769 பவுண்டு. மூணு பேருக்கு 2,307.

சுப்பண்ணன்: கொழந்தைக்கு ஒண்ணரை வயசு. பஸ்ஸுலயே டிக்கெட் இல்லை!

கவிதா: இங்க முழு டிக்கெட்டுங்க. சர்டிபிகேட்ல மூணு வருசத்துக்கு மேல ஒரு மாசம் கூடப் போட்டுட்டாங்கன்னா 769 போய் 1,519 ஆயிரும். தேதியைப் பாத்து வாங்கச் சொல்லுங்க. ஆனா கையைக் கடிக்கறது அடுத்த வரிதான். ஹெல்த் சர்சார்ஜ், அங்கத்த அரசு ஆஸ்பத்திரி வசதிக்குக் கட்டறது, பெரியவங்களுக்கு வருசம் 1,035, கொழந்தைக்கு 776. மூணு வருசத்துக்கும் ஒரே தடவையில 8,538 பவுண்டு.

சுப்பண்ணன்: எம்பையன் காய்ச்சல்னு படுத்ததே இல்லையே!

கவிதா: படுத்தாலும் படுக்காட்டியும் கட்டோணும். விசா கெடைக்கலைன்னா இது திரும்பி வரும், விண்ணப்பக் கட்டணம் வராது. நர்சு, டாக்டருக்குன்னு இருக்கற ஹெல்த் கேர் விசாவுல போனா இந்தச் சர்சார்ஜே கெடையாது.

சுப்பண்ணன்: நாலு வருசம் இன்ஜினியரிங் ஃபீஸ் கட்டினேனே... நர்சுக்குப் படிக்க வெச்சிருக்கோணும்.

கவிதா: ரெண்டும் சேந்து 10,845 பவுண்டு. பவுண்டு 120 ரூபாய்னு வெச்சா 13,01,400. இதையும் கட்டித் தர்ற கம்பெனிக இருக்குது, பையனை வாய் தொறந்து கேக்கச் சொல்லுங்க. கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் தொறந்து, லிமிட்டையும் ஏத்தி வெக்கோணும். இல்லாட்டி கடைசிப் பக்கத்துல பணம் போகாம நிக்கும். அதென்னங்க, ‘இதர செலவு 1,60,400’? டிபி டெஸ்ட்டா, இங்கிலீஷ் பரீட்சையா?

சுப்பண்ணன்: அதெல்லாம் தனியாம். கூட்டினா உருண்டையா இருபது வரோணும்னான்.

கவிதா: (அழுத்தி அடிக்கிறாள்.) இன்னொண்ணு. அங்க போய்த் தங்கற செலவுக்கு நாங்க பொறுப்புன்னு கம்பெனி சர்டிபிகேட்ல சொல்லலைன்னா, மூணு பேருக்கு 1,870 பவுண்டு, ரெண்டேகால் லட்சம், பேங்க்ல 28 நாள் தொடர்ந்து கெடக்கோணும். ஒரே ஒரு நாள் கொறைஞ்சாலும் விசா போச்சு.

சுப்பண்ணன்: தோட்டத்துப் பத்திரம் அஞ்சு ஏக்கரா இருக்குதே?

கவிதா: ஆகாது. நகையும் ஆகாது. ரொக்கந்தான்.

சுப்பண்ணன்: செரி, என்ற கணக்குலயே கெடக்கட்டும்.

கவிதா: உங்க கணக்கு செல்லாதுங்க. பையன் பேருல இருக்கோணும், இல்லாட்டி மருமக பேருல.

சுப்பண்ணன்: மருமக பேருலயா! வேலை முடிஞ்சதும் திருப்பி வாங்கிக்கலாமில்ல?

கவிதா: விசா வந்தப்பறம் தாராளமா. சட்டம் ஒண்ணும் சொல்லாது.

சுப்பண்ணன்: சட்டம் சொல்லாது அம்மிணி, மருமக சொல்லுவாளே!