மையின் பெயரைப் பார்த்து வாங்கினால் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

எழுதுபொருள் கடையில் அன்று நடந்தது இங்குள்ள பலருக்கும் தெரியும் என்பதால் முழுவதையும் விவரிக்கவில்லை. "தேநீர் வண்டல் வந்துவிட்டதா?" என்று ஓர் ஊற்றுப்பேனா மையின் பெயரைச் சொல்லி நான் கடைக்காரரிடம் கேட்டதும், "இந்த வயதில் பெயரைப் பார்த்தா மை வாங்குகிறீர்கள்?" என்று அங்கிருந்த நண்பர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் சிரித்தார். பிறகு அதை வேறு சிலரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆம், பெயரைப் பார்த்துத்தான் வாங்குகிறேன், இனியும் அப்படித்தான் வாங்குவேன்.

1670ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்ட எர்பான் என்ற பிரெஞ்சு நிறுவனம் ஒரு பழுப்பு மைக்குத் தேநீர் வண்டல் என்றும், சாம்பல் கலந்த ஊதா மைக்கு நிலவுத்தூசி என்றும் தன் மொழியில் பெயர் வைத்திருக்கிறது. ஜப்பானியப் பேனா நிறுவனமான பைலட்டின் இரோஷிசுகு என்ற மை வரிசையில் ஒரு சாம்பல் மைக்குக் குளிர்காலத் தளபதி என்று பெயரிட்டார்கள். இவற்றை வெறுமனே 'பழுப்பு', 'ஊதா', 'சாம்பல்' என்று அழைத்திருந்தால், அலமாரியில் வரிசையாக நிற்கும் பத்துப் பழுப்புகளில் எனக்கு வேண்டியது எது என்று எப்படி நினைவில் வைப்பது?

என் பெரியம்மாவுக்கு நிலவுத்தூசியில் ஒரு கடிதம் எழுதினேன். கிடைத்ததும் தொலைபேசியில் அழைத்து, உடல்நலம்கூட விசாரிக்காமல், "இது என்ன நிறம்?" என்றுதான் முதலில் கேட்டார். பெயரைச் சொன்னேன். அதன்பின் ஒவ்வொரு முறையும் "அந்த நிலவுத்தூசியிலேயே எழுது" என்கிறார். 'சாம்பல் கலந்த ஊதா' என்று சொல்லியிருந்தால் மறுநாளே அவருக்கு மறந்திருக்கும்.

பெயரெல்லாம் வியாபார உத்தி என்பார்கள். விற்பதற்காகத்தான் பெயர் வைக்கிறார்கள், யார் இல்லை என்றார்கள்? ஆனால் ஜப்பானில் கோபே நகரத்து நாகசாவா எழுதுபொருள் கடையைப் பாருங்கள். 1995 நிலநடுக்கத்தில் சிதைந்து மீண்டெழுந்த தங்கள் ஊரின் மலையையும் தெருக்களையும் நிறங்களாக்கி, 2007 முதல் அந்த இடங்களின் பெயரிலேயே மைகளை விற்கிறார்கள். முதலில் வந்தது ரொக்கோ மலையின் பச்சை. ஒரு கடை தன் ஊரின் மீது வைத்த அன்பு அந்தப் பெயர்களில் இருக்கிறது. அதையும் உத்தி என்று ஒதுக்கிவிட்டுப் போகிறவரிடம் நான் என்ன பேசுவது?

பெயர் மட்டும் போதுமா என்றால் போதாது. மையில் மினுக்குத்தூள் கலந்திருக்கிறதா, நீரில் கரையும் சாயமா, நிறமித் துகளா, எழுதியபின் காற்றுப்பட்டுக் கருக்கும் இரும்பு மையா என்பதையெல்லாம் பெயர் சொல்லாது. அதைச் சொல்வதற்குத்தான் கடைக்காரர் இருக்கிறார். இணையத்தில் வாங்கினால் இன்னும் நூறு நிறம் கிடைக்குமே என்பவர்களுக்கும் இதுவே என் பதில். திரையில் தெரியும் நீலம் திரையின் நீலம். அதே மை அகலமான நிப்பில் அடர்ந்தும், மெல்லிய நிப்பில் வெளிறியும் விழும். வழுவழுப்பான தாளில் சில நீல மைகள் காய்ந்தபின் ஓரத்தில் சிவப்பாகப் பளபளக்கும், மலிவான தாளில் அதே மை இழை இழையாக ஊறிப் பரவும். எங்கள் கடைக்காரர் திறந்த குப்பியில் கண்ணாடிப் பேனாவைத் தொட்டு, நான் கொண்டுபோகும் தாளிலேயே எழுதிப் பார்க்கச் சொல்கிறார். அது காயும்வரை காத்திருக்கவும் விடுகிறார். பெயர் என்னைக் குப்பிவரை அழைத்துச் செல்கிறது, வாங்குவதா வேண்டாமா என்பதைத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். இதில் ஏமாளித்தனம் எங்கே இருக்கிறது?

இந்தக் காலத்தில் கையால் எழுதுகிறவர் யார் என்று அந்த நண்பர் கடைசியாகக் கேட்டாரே, என்னை உண்மையில் நோகடித்தது அந்தக் கேள்விதான். நான் எழுதுகிறேன். என் பெரியம்மா படிக்கிறார். அவருடைய மகன் மருத்துவமனையில் இருந்த நாட்களில் அவருக்கு நான் எழுதிய கடிதங்களில் ஒன்றுகூட இந்த நண்பருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தனக்குப் பயன்படாத ஒன்றை இன்னொருவர் ஆசையாகக் கேட்டு வாங்கும்போது, அருகில் நின்று சிரிக்கும் உரிமையை அவருக்கு யார் கொடுத்தது? அன்று நான் பதில் சொல்லாமல் வந்தது பதில் இல்லாததால் அல்ல, அது கடைக்காரரின் கடை என்பதால்.

தேநீர் வண்டல் அடுத்த வாரம் வரும் என்று அவர் சொல்லியிருக்கிறார். வந்ததும் வாங்கப் போகிறேன், பெயரை உரக்கச் சொல்லியே.