முலூக்கியாவின் கொழகொழப்பை விட்டுவிடுங்கள்

கெய்ரோவில் குடியேறி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இங்கிருக்கும் தமிழ் நண்பர்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும் நாளில் மேசையில் முலூக்கியா என்னும் எகிப்தியக் கீரைக் குழம்பு இருந்தால், யாராவது ஒருவர் கரண்டியை உயரத் தூக்கி, அதிலிருந்து பச்சையாக இழை விட்டு இறங்குவதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கொழகொழப்புப் போக என்ன செய்யலாம்?" என்று கேட்காமல் இருந்ததில்லை. சென்ற வெள்ளிக்கிழமை வந்தவர் ஒரு படி மேலே போய், எலுமிச்சைச் சாற்றை முதலிலேயே ஊற்றி, மூடி போட்டு இருபது நிமிடம் கொதிக்க விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குச் செய்முறையே சொல்லிக் கொடுத்தார். விருந்துக்கு வந்தவரிடம் வாதாடக் கூடாது என்பதால் அன்று வாயைத் திறக்கவில்லை. அதை இங்கே எழுதித் தீர்த்துக்கொள்கிறேன்.

முலூக்கியா என்பது சணல் கீரை. கோணிப்பை நெய்ய நார் தரும் சணல் இனங்களில் ஒன்றின் இளம் இலையைத்தான் எகிப்தியர் பொடியாக நறுக்கிக் கறிச்சாற்றில் கலந்து, பூண்டும் மல்லித்தூளும் தாளித்துக் கொட்டி உண்கிறார்கள். வங்காளத்தில் இதே கீரையைச் சமைக்கிறார்கள். லெபனானில் இலையை நறுக்காமல் முழுதாகப் போடுவார்கள். துனீசியாவிலோ காய்ந்த இலையின் பொடியை எண்ணெயில் குழைத்துக் கருப்பாகும் வரை மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். இரண்டும் நல்ல சமையலே என்றாலும் எகிப்திய முலூக்கியா அவை இரண்டிலும் சேராது. இங்கே அந்த உணவின் உடம்பே கொழகொழப்புதான். அரிசியும் மாவும் சேர்க்காமல், பருப்பு எதுவும் இல்லாமல், வெறும் சாறு சோற்றின்மேல் ஒட்டி நிற்கிறதென்றால் அதைப் பிடித்து நிறுத்துவது இலையின் பசைதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பச்சைத் தூள் மிதக்கும் ரசம்.

முதல் முறை எனக்குக் கிடைத்ததும் அந்த ரசம்தான். கெய்ரோவை ஒட்டிய தொக்கி பகுதியில் குடியிருந்த முதல் கோடையில், சுலைமான் கோஹர் சந்தையில் இரண்டு பெரிய கட்டுக் கீரை வாங்கி வந்து, நம் ஊர்க் கீரை மசிப்பைப் போலவே நினைத்துக்கொண்டு, கழுவிய ஈரத்தோடு மிக்ஸியில் அடித்து, கொதிக்கும் கோழிச்சாற்றில் கொட்டி, மூடி போட்டுவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது கீரை முழுவதும் சேறு போல அடியில் தங்கியிருந்தது. மேலே மங்கிய மஞ்சள் நிறத்தில் தண்ணீர் நின்றது. மாடி வீட்டு அம்மா (இங்கே வயதில் மூத்த பெண்களைத் "தந்த்" என்று அழைப்பது வழக்கம், நானும் அப்படியே அழைக்கிறேன்) எட்டிப் பார்த்துவிட்டு, "விழுந்துவிட்டது மகளே" என்றார். எதை நான் கீழே போட்டேன் என்று தரையைப் பார்த்தேன். கீரை சாற்றில் மிதக்காமல் அடியில் இறங்கிவிடுவதை இவர்கள் "விழுந்துவிட்டது" என்றே சொல்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. சோறு குழைந்தது, மோர் திரிந்தது என்று நாம் சொல்வது போல, ஒரே ஒரு பக்குவக் கேட்டுக்கென்று வைத்திருக்கும் சொல் அது.

அடுத்த வாரம் அவரே என் அடுப்படிக்கு வந்து நின்றார். அவரிடம் கற்றதில் பாதிக்கும் மேல் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்பே முடிந்துவிடும் வேலை. கீரையைக் காம்பு நீக்கி ஆய வேண்டும். ஒவ்வோர் இலையின் அடியிலும் இருபுறமும் நூல் போன்ற இரண்டு சிறு வால்கள் இருக்கும், முலூக்கியாவை அடையாளம் காண அதுவே போதும். முற்றிய காய்கள் தென்பட்டால் ஒன்றுவிடாமல் பொறுக்கி எறிய வேண்டும், ஏனென்றால் இந்தச் செடியின் விதை நஞ்சுள்ளது. ஆய்ந்த இலையைக் கழுவி, பழைய துணியில் பரப்பி, ஈரம் முழுவதும் போகும்வரை உலரவிட வேண்டும். ஈர இலையை வெட்டினால் பசை பலகையிலேயே வெளிவந்து கத்தியில் சுற்றிக்கொள்ளும், பானைக்குப் போவதற்கு ஒன்றும் மிஞ்சாது. பிறகு மக்ரதா. பிறை போல வளைந்த அலகும் இரு முனைகளிலும் மரக் கைப்பிடியும் கொண்ட அந்தக் கத்தியைத் தொட்டில் ஆட்டுவது போல முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே போனால், இலைக் குவியல் மெல்ல மெல்லச் சுருங்கி, கரும்பச்சையாகி, கடைசியில் பலகையோடு ஒட்டிய ஒரே திரளாக மாறும். மிக்ஸி இந்த வேலையைச் செய்வதில்லை. அது இலையை அரைத்துச் சூடாக்கிக் கூழாக்கிவிடுகிறது. நறுக்கிய துணுக்குகள் இருந்தால்தான் அவை சாற்றில் தொங்கி நிற்கும் என்பது என் அனுபவம்.

சாறு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் இல்லை. முயல்கறிச் சாறு சிறந்தது என்பவர்கள் இருக்கிறார்கள், வாத்து என்பவர்கள் இருக்கிறார்கள், அலெக்சாந்திரியாவில் இறாலும் போடுகிறார்கள். நான் பெரும்பாலும் கோழியோடு ஒரு முழு வெங்காயம், நான்கு ஏலக்காய், ஒரு பிரிஞ்சி இலை போட்டு வேகவைத்து வடிகட்டுகிறேன். சைவர்கள் வெங்காயமும் தக்காளியும் கேரட்டும் வேகவைத்த சாற்றில் செய்தாலும் ஒரு குறையும் இல்லை. 400 கிராம் நறுக்கிய கீரைக்கு ஏறக்குறைய 700 மில்லி சாறு. சாறு நன்றாகக் கொதித்ததும் தீயைக் குறைத்து, கீரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கி, ஓரத்தில் சிறு குமிழிகள் எழும் நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். பொங்கக் கூடாது, மூடக் கூடாது. மொத்தமும் ஐந்து நிமிட வேலை. என் நண்பர் பரிந்துரைத்த இருபது நிமிடக் கொதிப்பு, கீரையை "விழ" வைப்பதற்கு உத்தரவாதமான வழி.

இவ்வளவு சொன்னதும், எகிப்தியர்களுக்குக் கொழகொழப்பு என்றாலே பிடிக்கும்போல என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் வீட்டு வெண்டைக்காயைப் பாருங்கள். பாமியா என்ற வெண்டைக்காய்க் குழம்புக்குச் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பிஞ்சுகளைத் தேடி வாங்கி, காயின் உள்ளறை திறந்துவிடாதபடி தலைப்பகுதியைக் கூம்பாகச் சீவி, தக்காளியும் எலுமிச்சையும் சேர்த்து, வழவழப்பு வெளியே வராமல் கவனமாகச் சமைப்பார்கள். அதே வெண்டைக்காயைத் தென் எகிப்தில் வீக்கா என்ற பெயரில், நம் மத்தைப் போன்ற ஒரு மரக்கோலால் கடைந்து, இழை இழையாக வரும்வரை வழவழப்பை வேண்டுமென்றே வெளியே இழுப்பார்கள். ஒரே காயில் ஒரு பானைக்கு வேண்டாம், இன்னொரு பானைக்கு வேண்டும் என்று தீர்மானிக்கிற சமையல் மரபு, முலூக்கியாவில் மட்டும் தெரியாமல் தவறு செய்துகொண்டிருக்கிறது என்று நாம் நினைப்பது எனக்குக் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகவே படுகிறது.

இந்தக் கீரையை ஒழிக்கப் பார்த்தவர்களில் என் நண்பர் முதல்வரல்ல. 996 முதல் 1021 வரை எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய கலீஃபா அல்-ஹாகிம், தன் ஆட்சியில் முலூக்கியாவை உண்ணவும் விற்கவும் தடை விதித்தார் என்று இடைக்கால வரலாற்றாசிரியர் அல்-மக்ரீஸி எழுதியிருக்கிறார். தன் மரபினர் வெறுத்த முதல் உமய்யா கலீஃபா முஆவியாவுக்கு அது பிடித்த உணவு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அல்-ஹாகிமைப் போற்றும் துரூஸ் சமயத்தவர் பலர் இன்றும் இதைத் தொடுவதில்லை. கெய்ரோவின் அடுப்படிகள் மட்டும் அந்தத் தடையை எப்போதோ மறந்துவிட்டன.

இனித் தாளிப்பு. தஅலியா என்று பெயர். எட்டு முதல் பத்துப் பல் பூண்டை உப்போடு இடித்து, இரண்டு மேசைக்கரண்டி நெய்யில் போட்டு, ஓரம் பொன்னிறம் காட்டத் தொடங்கியதும் ஒரு மேசைக்கரண்டி நிறைய மல்லித்தூளைச் சேர்த்து, மணம் எழுந்த அந்த நொடியிலேயே பானையில் கொட்ட வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தாலும் பூண்டு கசந்துவிடும். நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் யாரும் எதையும் கற்றுத் தர வேண்டியதில்லை, கை தானாகவே செய்துவிடும். ஆனால் கொட்டும்போது, "ஹ்ஆ" என்று திடுக்கிட்டவர் போலச் சத்தமாக மூச்சை உள்ளிழுக்க வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். அது இல்லாவிட்டால் முலூக்கியாவுக்கு ருசி வராதாம். முதல் முறை தந்த் என் காதருகே அப்படிச் செய்தபோது உண்மையிலேயே பயந்துபோய் வாணலியைப் பாதியில் நிறுத்திவிட்டேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இப்போது நானும் செய்கிறேன், வீட்டில் யாரும் இல்லாத நாளிலும்.

சேமியா கலந்த சோற்றோடு ஊற்றிச் சாப்பிடலாம், அல்லது தவிட்டு ரொட்டியான ஐஷ் பலதியைக் கரண்டி போல மடித்து அள்ளலாம். எலுமிச்சை வேண்டுமென்பவர்கள் தங்கள் தட்டில் பிழிந்துகொள்ளட்டும், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. பானையில் மட்டும் வேண்டாம்.

கீரை கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் வளைகுடா நாடுகளின் பெரிய கடைகளில் உறைநிலையில் விற்கும் 400 கிராம் பொட்டலத்தை வாங்கத் தயங்க வேண்டியதில்லை. கெய்ரோவிலேயே வேலைக்குப் போகும் பெண்கள் பலர் வார நாள்களில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், நானும் அப்படித்தான். ஆய்வதும் உலர்த்துவதும் நறுக்குவதும் அதில் முடிந்திருக்கும். முழுவதும் உருகும்வரை வெளியில் வைக்காமல், பாதி உறைந்த கட்டியாகவே சூடான சாற்றில் போட்டு, சிறுதீயில் கரையவிட்டுக் கிளறிக்கொண்டே பக்கத்தில் நில்லுங்கள். பானையின் மூடியை மட்டும் முதலிலேயே அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் பழக்கத்தில் எடுத்து மூடிவிடுவீர்கள்.