ஜன்னலுக்குப் பத்திரிகை வைத்த அண்ணி

(ஏற்காடு, ஒண்டிக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. தை மாதக் காலை. வெளியே சில்வர் ஓக் மரங்கள் பனியில் பாதிதான் தெரிகின்றன. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் செல்வி, அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். மங்கி குல்லாவுக்குள் மூக்கு மட்டும் வெளியே. அண்ணி ராஜேஸ்வரி காபியோடு வருகிறாள்.)

செல்வி: அண்ணி, ஒரு சந்தேகம். ராத்திரி நான் படுத்திருந்தது வீட்டுக்குள்ளேயா, திண்ணையிலா?

ராஜேஸ்வரி: ஏன், மெத்தை போட்டுக் கம்பளியும் கொடுத்தேனே?

செல்வி: கொடுத்தீர்கள். ஆனால் விடிய விடிய யாரோ என் காதுக்குள் ஊதிக்கொண்டே இருந்தார்கள்.

ராஜேஸ்வரி: மலை என்றால் குளிரத்தான் செய்யும். சேர்வராயன் மலை என்ன உங்கள் அஞ்சு ரோடா? 1,500 மீட்டர் உயரம்! 20 கொண்டை ஊசி வளைவு ஏறி எதற்கு வந்தாய்? குளிருக்குத்தானே?

செல்வி: குளிருக்குத்தான். குளிர் வெளியே இருக்கும், நான் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாம் என்று வந்தேன். வெளியே 13 டிகிரி, உள்ளேயும் 13 டிகிரி என்றால் சுவர் எதற்கு அண்ணி? ஊதுபத்தி இருக்கிறதா?

ராஜேஸ்வரி: இப்போதுதானே விளக்கேற்றிக் கும்பிட்டேன்.

செல்வி: சாமிக்கு இல்லை, ஜன்னலுக்கு. ஃபேனை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

ராஜேஸ்வரி: ஃபேனா? இந்த வீட்டில் ஃபேன் மாட்டக் கொக்கியே கிடையாது.

(செல்வி ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் நிலையை ஒட்டி மெல்ல நகர்த்துகிறாள். புகை நேராக மேலே போகிறது. கீழ் மூலைக்கு வந்ததும் சட்டென்று மடங்கி அவள் கண்ணிலேயே பாய்கிறது.)

செல்வி: (கண்ணைக் கசக்கியபடி) அகப்பட்டது. இங்கேதான் ஊதுகிறது. அட, ஏதோ செருகியிருக்கிறதே!

ராஜேஸ்வரி: ஏய், அதை உருவாதே! அது...

(உருவியாயிற்று. நாலாக மடித்த கல்யாணப் பத்திரிகை. மூலையில் தடவிய மஞ்சள் இன்னும் போகவில்லை.)

செல்வி: அண்ணி. இது என் பொண்ணு கல்யாணப் பத்திரிகை.

ராஜேஸ்வரி: (கொஞ்சமும் அசராமல்) ஆமாம். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

செல்வி: தட்டில் பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரரோடு பஸ் ஏறி வந்து உங்களுக்குப் பத்திரிகை வைத்தேன். நீங்கள் அதை ஜன்னலுக்கு வைத்திருக்கிறீர்கள்!

ராஜேஸ்வரி: எந்த ஜன்னலுக்கு என்று பார். வடக்கு ஜன்னல்! இந்த வீட்டிலேயே காற்று மோதுவது அங்கேதான். உன் பத்திரிகை கெட்டி அட்டை, வெல்வெட் ஒட்டினது. வைத்த நாளிலிருந்து அசையவே இல்லை. உன் தங்கச்சி அடித்தாளே, வெறும் தாள், அது பாத்ரூம் ஜன்னலுக்கே தாங்கவில்லை.

செல்வி: (குரல் இறங்கி) அப்போதே சொன்னேன் அவளிடம், பத்திரிகையில் மிச்சம் பிடிக்காதே என்று.

ராஜேஸ்வரி: அதைத்தான் நானும் சொல்கிறேன். தரம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

செல்வி: சரி, அது போகட்டும். ஆனால் தாள் செருகினால் ஈரத்தை உறிஞ்சி மரத்துக்குக் கொடுக்கும். பாருங்கள், நிலை மூலை கறுத்துவிட்டது.

ராஜேஸ்வரி: ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி மேலே தாள் ஒட்டியும் பார்த்தேன். பிறந்தது சேலம் ஆயிற்றே, பசைக்கு மைதா வாங்குவேனா?

செல்வி: நின்றதா?

ராஜேஸ்வரி: கரப்பான்பூச்சிக்குப் பந்தி வைத்தது போலாயிற்று. அதிசயம் என்னவென்றால் செல்வி, ஐப்பசியில் இதே கதவு மூடவே மூடாது. உங்கள் அண்ணன் இழைப்புளி வாங்கிவந்து நன்றாக இழைத்துவிட்டார்.

செல்வி: மழையிலா இழைத்தார்? அதுதானே சந்து! மழைக்கு மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். உப்பின கதவை இழைத்தால் தை மாதம் ஜன்னலில் இரண்டாவது ஜன்னல் திறந்துகொள்ளும்.

ராஜேஸ்வரி: இப்போது அவர் ஜன்னலையே மாற்ற வேண்டும் என்கிறார். இரட்டைக் கண்ணாடி வைத்ததாம். நடுவில் என்ன இருக்கும்?

செல்வி: காற்று.

ராஜேஸ்வரி: காசு கொடுத்துக் காற்றா? இங்கேதான் சும்மாவே வருகிறதே!

செல்வி: இது ஓடுகிற காற்று, சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். அது அடைபட்ட காற்று, சூட்டை வெளியே விடாது. காசில்லாமல் வேண்டுமென்றால், பார்சலில் குமிழி குமிழியாகப் பிளாஸ்டிக் வருமே, கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, குமிழிப் பக்கத்தை ஒட்டிவிட்டால் போதும். அந்தக் குமிழிக்குள் இருப்பதும் அடைபட்ட காற்றுதான்.

ராஜேஸ்வரி: உங்கள் அண்ணன் கண்ணில் பட்டால் சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் டப் டப் என்று உடைத்துவிடுவார்.

செல்வி: அப்படியானால் கண்ணாடி கிடக்கட்டும், முதலில் சந்து எவ்வளவு என்று பார்ப்போம். சப்பாத்தி மாவு கொஞ்சம் கொடுங்கள்.

ராஜேஸ்வரி: அதையும் ஜன்னலுக்கா? குருமா வேண்டாமா?

(செல்வி மாவை நிலையில் அங்கங்கே அப்பி, கதவைச் சாத்திக் கொண்டி போட்டுத் திறக்கிறாள். மேலே மாவு அப்பளமாக நசுங்கியிருக்கிறது. கீழே வைத்த உருண்டை நெளியக்கூட இல்லை. கைப்பையிலிருந்து அளக்கிற டேப் வருகிறது. விருந்துக்கு வந்தவள் கையில் டேப் எதற்கு என்று கேட்கக் கூடாது, கடைக்காரி அப்படித்தான்.)

செல்வி: நசுங்கின மாவின் கனம்தான் சந்தின் கனம். அதைவிடக் கொஞ்சம் கனமாக, பின்னால் பசை வைத்த ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும். ரொம்பக் கனமானது வாங்கினால் கொண்டி பிய்ந்துவரும். ஒட்டும்முன் நிலையைத் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் நான் சேலம் போய்ச் சேருவதற்குள் பட்டை தரையில் கிடக்கும்.

ராஜேஸ்வரி: சுவரும் நிலையும் சேருகிற இடத்தில் விரிசல் இருக்கிறதே, அங்கேயும் பட்டையா?

செல்வி: அசைகிற இடத்துக்குப் பட்டை, அசையாத இடத்துக்கு ட்யூபில் வருகிற சீலன்ட். அதற்கு மேல் பெயின்ட் அடிப்பதாக இருந்தால் அக்ரிலிக் வாங்க வேண்டும், சிலிகான் மேல் பெயின்ட் பிடிக்காது. கண்ணாடி ஆடுகிற இடத்துக்குப் புதிதாக லப்பம். அவ்வளவுதான், கடையிலிருந்தே அனுப்பிவிடுகிறேன். மே மாதம் சேலத்தில் ஏசி போடுகிறவர்கள் வாங்குவதும் இதே பட்டைதான். அங்கே அனல் வராமல் இருக்க, இங்கே குளிர் வராமல் இருக்க.

ராஜேஸ்வரி: எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, ராத்திரி இரும்புச் சட்டியில் கரி மூட்டி அறைக்குள் வைத்தால் கதகதப்பாக...

செல்வி: (காபி டம்ளரை வைத்துவிட்டு) அண்ணி! அதை மட்டும் செய்யாதீர்கள். கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அடைத்த அறையில் தூங்கினவர் எழுந்திருக்கவே மாட்டார். இதுவரை வைத்திருக்கிறீர்களா?

ராஜேஸ்வரி: மார்கழியில் ஒருநாள்.

செல்வி: இந்தச் சந்துதான் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. சமையலறை வெண்டிலேட்டரையும், கேஸ் கீசர் இருக்கிற பாத்ரூம் ஜன்னலையும் நான் தொடப் போவதில்லை. நீங்களும் தொடாதீர்கள்.

ராஜேஸ்வரி: தங்கச்சி பத்திரிகை அங்கே நிற்காததும் நல்லதுக்குத்தான். சரி, இதெல்லாம் எவ்வளவு ஆகும்?

செல்வி: பில் அண்ணன் பேருக்கு வரும்.

ராஜேஸ்வரி: சொந்தத்துக்குள் பில்லா?

செல்வி: பொங்கல் சீரில் கழித்துக்கொள்ளலாம் என்றால் சீர் இன்னும் வந்து சேரவில்லையே!

ராஜேஸ்வரி: (அவசரமாக) காபி ஆறுகிறது, குடி. ஆமாம், பட்டை ஒட்டினால் சத்தம்கூடக் குறையுமா?

செல்வி: குறையும். காற்று வருகிற வழியாகத்தான் சத்தமும் வருகிறது.

ராஜேஸ்வரி: உள்ளே இருக்கிற சத்தம் வெளியே போகிறதும் குறையுமா?

செல்வி: அதுவும்தான். ஏன் கேட்கிறீர்கள்?

(பக்கத்து அறையில், கடைசி வளைவில் லாரி கியர் மாற்றுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்து, நீண்டு, அடங்கி, மறுபடி எழுகிறது. அண்ணன் இன்னும் எழுந்திருக்கவில்லை.)

ராஜேஸ்வரி: டேப்பைச் சுருட்டு செல்வி. எங்கள் அறை ஜன்னலைக் கணக்கில் சேர்க்காதே. அங்கே உன் பொண்ணு பத்திரிகையையும் வைக்க மாட்டேன்.