ட்ரெயில்ஸ் ரசிகர்கள் இனிமேல் கேட்கவேண்டியது ஒரே நாள் வெளியீடு

ஜப்பானின் ஃபால்காம் நிறுவனம் பாகம் பாகமாக ஒரே கதையாய் நீட்டிக்கொண்டு வரும் வீடியோ விளையாட்டுத் தொடர் 'ட்ரெயில்ஸ்'. 2025 செப்டம்பர் 19 அன்று அதன் முதல் பாகமான 'ட்ரெயில்ஸ் இன் தி ஸ்கை ஃபர்ஸ்ட் சாப்டர்' ரீமேக் ஜப்பானிலும் மற்ற நாடுகளிலும் ஒரே நாளில் வந்தது. இரண்டாம் பாகத்தின் ரீமேக் 2026-இல் என்று அறிவித்துவிட்டார்கள். 2026 ஜனவரி 15 அன்று தொடரின் புதிய பாகமான 'ட்ரெயில்ஸ் பியாண்ட் தி ஹொரைசன்' ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தது. அதோடு பிரதானக் கதையில் ஜப்பானிய ரசிகர்கள் நிற்கிற இடத்துக்கே நாமும் வந்துவிட்டோம். ஆங்கிலத்தில் விளையாடுகிறவர்களுக்கு இந்தத் தொடரில் இப்படி ஒரு நிலை இதுவரை வாய்த்ததில்லை. தமிழில் வராத விளையாட்டு என்பதால் நமக்கும் ஆங்கிலப் பதிப்புதான் கதி.

எனக்கும் இதில் பெரிய சந்தோஷம். ஆனால் ஃபால்காமிடம் ஒன்றை அழுத்திக் கேட்கவேண்டிய நேரமும் இதுதான். ரீமேக்குக்குச் செய்ததை அடுத்த புத்தம்புதிய கதைக்கும் செய்யுங்கள். இப்போது கேட்காமல் விட்டால், அடுத்த பாகம் ஜப்பானில் வந்த மறுநாளே பழைய கதை திரும்பிவிடும்: யூடியூப் தலைப்புகளில் முடிவு வெளிப்பட்டிருக்கும், நாம் வருடக்கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு நடப்போம்.

பழைய கணக்கைப் பாருங்கள். 'ஸ்கை' முதல் பாகம் ஜப்பானில் 2004 ஜூனில் கணினிக்கு வந்தது. ஆங்கிலத்தில் பிஎஸ்பி என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு 2011 மார்ச்சில். இரண்டாம் பாகம் 2006 மார்ச். ஆங்கிலம் 2015 அக்டோபர். முதல் பாகம் எப்படிப்பட்ட இடத்தில் நிற்கிறது என்று விளையாடியவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஆங்கில ரசிகர்களை நாலரை வருடம் காக்க வைத்தார்கள். மூன்றாம் பாகம் வந்துசேரப் பத்து வருடம். அதற்கடுத்த 'ட்ரெயில்ஸ் ஃப்ரம் ஜீரோ' 2010 செப்டம்பரிலிருந்து 2022 செப்டம்பர் வரை, முழுசாகப் பன்னிரண்டு வருடம்.

தாமதத்தை விடப் பெரிய சேதம் வரிசை குலைந்தது. இதே தொடரின் 'கோல்ட் ஸ்டீல்' நான்கு பாகங்களும் 2015-க்கும் 2020-க்கும் இடையில் ஆங்கிலத்தில் வந்துவிட்டன. வெளியீட்டு வரிசையில் அவற்றுக்கு முன்னால் நிற்கவேண்டிய 'ஜீரோ'வும் 'அஷூர்' பாகமும் 2022, 2023-இல்தான் வந்தன. அந்த இரண்டு பாகங்களின் நாயகர்களான கிராஸ்பெல் நகரத்து நண்பர்கள் 'கோல்ட் ஸ்டீல்' நான்காம் பாகத்தில் உள்ளே நுழையும்போது ஜப்பானியர் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்கள். ஆங்கிலத்தில் வரிசையாக வாங்கி விளையாடியவருக்கோ அவர்கள் முன்கதை தெரியாத ஆட்கள். அந்தக் காட்சியின் பலன் அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. பின்னால் 'ஜீரோ' வந்ததால் அது சரியாகிவிடாது.

இடைவெளி குறைந்துகொண்டே வந்திருப்பது உண்மை. 'கோல்ட் ஸ்டீல்' பாகங்களுக்குப் பின்னால் வந்த 'ரெவெரி'க்கு ஏறக்குறைய மூன்று வருடம், 'டேபிரேக்'குக்கு இரண்டே முக்கால், 'டேபிரேக் 2'-க்கு இரண்டு வருடம் ஐந்து மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு, 'ஹொரைசன்'னுக்குப் பதினாறு மாதத்துக்கும் குறைவு. இவற்றின் ஆங்கிலப் பதிப்பாளரான என்ஐஎஸ் அமெரிக்கா வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மீதமிருக்கும் பதினாறு மாதம் மொழிபெயர்ப்பாளரின் வேகத்தால் மட்டும் தீராது. வசனம் அவர் கைக்கு எப்போது வருகிறது என்பதில்தான் அது இருக்கிறது.

இந்தத் தொடரின் பல பாகங்களுடைய ஜப்பானிய வெளியீட்டுத் தேதிகளைக் கவனியுங்கள்: 2010 செப்டம்பர் 30, 2011 செப்டம்பர் 29, 2013 செப்டம்பர் 26, 2014 செப்டம்பர் 25, 2017 செப்டம்பர் 28, 2018 செப்டம்பர் 27, 2021 செப்டம்பர் 30, 2022 செப்டம்பர் 29, 2024 செப்டம்பர் 26. ஃபால்காமின் நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது. அந்த வருடத்தின் பெரிய விளையாட்டு அதற்குள் கடைக்கு வந்தாக வேண்டும். சிறிய நிறுவனம், நகராத கெடு, மலைபோல வசனம். இப்படி இருக்கையில் எழுத்து கடைசிவரை திருத்தப்படும். திருத்தம் ஓயாத வசனத்தை மொழிபெயர்ப்பது இரட்டை வேலை: ஜப்பானியத்தில் ஒரு வரி மாறினால் ஆங்கில வரியைத் தேடித் திருத்த வேண்டும், அந்த வரிக்குக் குரல் பதிவாகியிருந்தால் நடிகரைத் திரும்ப ஸ்டூடியோவுக்கு அழைக்க வேண்டும். அதனால் வெளிநாட்டுப் பதிப்பாளர் வசனம் பூட்டப்பட்ட பிறகே ஆரம்பிக்க விரும்புவார். அதில் தப்பும் சொல்ல முடியாது.

இந்தத் தொடரில் வேலை ஏன் இவ்வளவு கூடுகிறது என்பதற்கு, 'ஸ்கை' முதல் பாகத்தில் வரும் ரோலென்ட் ஊரில் கடை வைத்திருக்கும் ஒரு சாதாரண ஆளை எடுத்துக்கொள்வோம். மற்ற விளையாட்டுகளில் அவருக்கு இரண்டு மூன்று வரிகள் இருக்கும், கடைசிவரை அதையே சொல்லிக்கொண்டிருப்பார். இங்கே கதையில் ஒரு சம்பவம் நடந்ததும் ஊரில் இருக்கும் எல்லாருடைய பேச்சும் மாறும். காலையில் சரக்கு வரவில்லை என்று புலம்பியவர், மாலையில் மகன் வீடு திரும்பவில்லை என்பார், அடுத்த அத்தியாயத்தில் அந்த மகனையே நாம் வேறொரு ஊரில் பார்ப்போம். மொழிபெயர்ப்பாளர் கைக்கு வரும் கோப்பில் இவையெல்லாம் சூழல் இல்லாத தனித்தனி வரிகள். ஜப்பானியத்தில் எழுவாயை விட்டுவிட்டே பேசலாம். 'நேற்று வரவில்லையாம்' என்று மட்டும் இருந்தால் வராதது மகனா, சரக்கா, வேறு யாருமா என்பது கோப்பைப் பார்த்துத் தெரியாது. விளையாட்டை ஓடவிட்டு, அந்த நேரத்தில், அந்த ஆளிடம் போய்ப் பேசிப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு மேல் வசனப் பெட்டியின் அளவு. பழைய பாகங்களின் கோப்பில் ஒவ்வொரு வரியோடும் சில குறியீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும்: எந்த முகப்படம் காட்ட வேண்டும் என்பதற்கு ஒன்று, குரல் இருந்தால் எந்தக் குரல் கோப்பு என்பதற்கு ஒன்று. ஜப்பானியத்தில் இருபது எழுத்தில் அடங்கும் வரி ஆங்கிலத்தில் ஐம்பது எழுத்தைத் தாண்டும். பெட்டி வழியும். இரண்டு பெட்டியாகப் பிரித்தால் குரல் முதல் பெட்டியோடு கட்டப்பட்டிருக்கிறது. நாம் பட்டனை அழுத்தி அடுத்ததற்குப் போனதும் பேச்சு பாதியில் அறுந்துவிடும். பிரித்த இடத்தில் முகக் குறியீட்டைப் போட மறந்தால் அழுகிற வசனத்துக்குச் சிரித்த முகம் நிற்கும். குறியீட்டில் ஓர் எழுத்து தவறினால் சில நேரம் விளையாட்டே நின்றுபோகும். மொழிபெயர்ப்பு முடிந்த பிறகும் மாதக்கணக்கில் சோதனை நடப்பது இதற்காகத்தான். அந்த மாதங்களைச் சுருக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஜப்பானியச் சோதனை நடக்கும்போதே அதுவும் நடக்கட்டும் என்கிறேன்.

முடியாத காரியமில்லை. செகாவின் 'யாகுசா: லைக் எ டிராகன்' ஜப்பானில் 2020 ஜனவரியில் வந்து மேற்கே போக நவம்பர் ஆனது. அடுத்த பாகமான 'இன்ஃபினிட் வெல்த்' 2024 ஜனவரி 26 அன்று எல்லா ஊரிலும் ஒன்றாக வந்தது. அட்லஸ் நிறுவனத்தின் 'பெர்சோனா 5' ஆறு மாதத்துக்கு மேல் தாமதித்தது. அதே அட்லஸ் 'மெட்டஃபர்: ரீஃபான்டாசியோ'வை 2024 அக்டோபர் 11 அன்று ஒரே நாளில் கொடுத்தது. 'டிராகன் குவெஸ்ட் 11' பதின்மூன்று மாதம் பிந்தியது, அதே தொடரின் மூன்றாம் பாகத்தின் புதிய வடிவம் ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. எதுவும் வசனம் குறைந்த விளையாட்டு இல்லை. அவர்கள் ஃபால்காமை விடப் பல மடங்கு பெரியவர்கள் என்பது சரிதான். ஆனால் ஃபால்காமின் விளையாட்டுகளே கொரிய, சீன மொழிகளில் ஆசியப் பதிப்பாளர் வழியாக ஜப்பானிய வெளியீட்டோடு ஒட்டி வருகின்றன. 'ஹொரைசன்' அப்படித்தான் வந்தது. அவர்களுக்கு முன்கூட்டியே போகிற கோப்பு ஆங்கிலத்துக்கும் போகலாமே.

ஸ்கை ரீமேக் சாத்தியமானதற்குக் காரணம் வெளிப்படை. கதை 2004-இலேயே எழுதி முடிந்தது. காட்சியமைப்பு, சண்டை, குரல் எல்லாம் புதிது என்றாலும் எலும்புக்கூடு கையில் இருந்தது. இரண்டாம் பாகத்துக்கும் அப்படியே. அதனால் அந்த இரண்டின் வெற்றியை வைத்துப் புதிய பாகமும் தானாக ஒரே நாளில் வந்துவிடும் என்று நம்பிவிடக்கூடாது.

ஒரே நாள் வெளியீட்டால் இழக்கப்போகும் ஒன்றையும் சொல்லவேண்டும். தாமதமாக வந்த மொழிபெயர்ப்புகளுக்கு ஓர் அனுகூலம் இருந்தது: பின்னால் வரும் பாகங்களில் என்ன நடக்கிறது என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியும். முகமூடி போட்டவர் ஆணா பெண்ணா என்பதை ஆங்கிலத்தில் காட்டிக்கொடுக்காமல் எழுத, போகிறபோக்கில் சொல்லும் ஒரு பேர் நான்கு பாகம் கழித்து முளைக்கும் என்று கவனமாக இருக்க, அது உதவியது. இனி அந்த வசதி இருக்காது. ஃபால்காமின் எழுத்தாளர் ஒருவர் மொழிபெயர்ப்பாளர் கேட்கும் கேள்விகளுக்கு அன்றன்றைக்கே பதில் சொல்லும் ஏற்பாடு வேண்டும். இது இல்லாமல் தேதியை மட்டும் ஒன்றாக்கினால் வேலை கெடும். அப்படி வருவதற்குப் பதில் நான்கு மாதம் பிந்தி நன்றாக வருவதே மேல்.

பதிப்பாளர் மாறுவதும் கவலை. முதலில் எக்ஸ்சீட், பிறகு என்ஐஎஸ் அமெரிக்கா, ஸ்கை ரீமேக்குக்கு கங்ஹோ. மொழிபெயர்ப்பு பொதுவாக அதற்குப் பணம் கொடுத்தவருடைய சொத்து. விளையாட்டோடு சேர்ந்து கைமாறாது. ஊர்ப் பேர், பதவிப் பேர், சண்டை உத்திகளின் பேர் அடங்கிய ஒரே சொற்பட்டியலை ஃபால்காமே வைத்திருந்து எல்லாருக்கும் கொடுக்கவேண்டும். ரசிகர்களின் உழைப்பை மதித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஜியோஃப்ரன்ட் குழு 2020-இல் 'ஜீரோ'வை ரசிகர் மொழிபெயர்ப்பாக வெளியிட்டது. அடுத்த வருடம் என்ஐஎஸ் அமெரிக்கா அதையே முறையாக வாங்கி அதிகாரப்பூர்வப் பதிப்புக்கு அடித்தளமாக்கியது. தொடரின் சிறந்த ஆங்கில வசனங்களில் அதுவும் ஒன்று என்பது என் எண்ணம்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு: ஸ்கை ரீமேக்கின் டெமோவை முதலில் எடுங்கள், முன்னுரைப் பகுதி முழுவதும் உண்டு, சேவ் முழு விளையாட்டுக்குத் தொடரும். முடித்துவிட்டு இரண்டாம் பாகத்துக்குக் காத்திருக்க முடியாதவர்கள் ஸ்டீம் என்ற இணையக் கடையில் பழைய இரண்டாம் பாகமான 'ஸ்கை எஸ்சி'யை வாங்கலாம், ஆனால் ரீமேக் சேவ் அதில் செல்லாது. பிறகு 'தேர்ட்', 'ஜீரோ', 'அஷூர்', 'கோல்ட் ஸ்டீல்' நான்கு, 'ரெவெரி', 'டேபிரேக்' இரண்டு, 'ஹொரைசன்'. இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். 'ஜீரோ', 'அஷூர்' இரண்டையும் கணினியிலோ சுவிட்சிலோ வாங்குங்கள். போன வசனத்தைத் திரும்பப் படிக்கும் பதிவேடு போன்ற வசதிகள் அவற்றில்தான் இருக்கின்றன, பிஎஸ்4 பதிப்பில் இல்லை. 'ஜீரோ' சேவை அழித்துவிடாதீர்கள், 'அஷூர்' அதைப் படித்துக்கொள்ளும்.

கேட்கிற முறையும் முக்கியம். வெளியீட்டு அறிவிப்பின் கீழே 'ஆங்கிலம் எப்போது' என்று ஆயிரம் பேர் எழுதுவதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பதிப்பாளர்கள் நடத்தும் ரசிகர் கருத்துக்கணிப்புகளில் தாமதத்தால் எந்தப் பாகத்தை வாங்காமல் விட்டீர்கள் என்று எழுதுங்கள். வாங்கப்போவதை ஸ்டீம் விஷ்லிஸ்டில் போடுங்கள். மொழிப்பிழை கண்டால் திட்டிப் பதிவு போடுவதற்கு முன் பதிப்பாளரின் உதவிப் பக்கத்தில் எழுதுங்கள்: எந்தத் தளம், எந்தப் பதிப்பெண், எந்த அத்தியாயம், எந்த ஊர், யாரிடம் பேசும்போது, அதற்கு முன் விளையாட்டில் கொடுக்கப்படும் பணிகளில் (குவெஸ்ட்) எதை முடித்திருந்தீர்கள், கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். ஊர்க்காரர் வசனம் ஒவ்வொரு சம்பவத்துக்கும் மாறுவதால் கடைசி விவரம் இல்லாமல் அந்த வரியைக் கண்டுபிடிக்கவே அவர்களுக்கு அரைநாள் ஆகும்.